வளைவு எங்கே மாறுகிறது? குழிவும் வளைவு மாற்றப் புள்ளியும்

முதல் வகைக்கெழுவை வைத்து ஒரு சார்பு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அடுத்த படி இது. ஏறுவதிலேயே இரண்டு வகை உண்டு. போகப் போகச் செங்குத்தாக ஏறுவது ஒன்று. ஏற ஏறத் தணிந்து, கிட்டத்தட்டப் படுத்துவிடுவது இன்னொன்று. இரண்டிலும் f′(x) மிகை எண்தான். ஆனால் வரைந்து பார்த்தால் வடிவம் வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்வது இரண்டாம் வகைக்கெழு f″(x).

சூத்திரத்துக்குப் போகுமுன் ஓர் உதாரணத்தைக் கையால் போட்டுப் பார்ப்பது நல்லது.

f(x) = x³ − 6x² + 9x + 1
f′(x) = 3x² − 12x + 9
f″(x) = 6x − 12

x-க்குச் சில மதிப்புகள் கொடுத்து, ஒவ்வோர் இடத்திலும் தொடுகோட்டின் சாய்வைக் கணக்கிட்டால் இப்படி வரும்:

x = 0 : சாய்வு 9
x = 0.5 : சாய்வு 3.75
x = 1 : சாய்வு 0
x = 1.5 : சாய்வு −2.25
x = 2 : சாய்வு −3
x = 2.5 : சாய்வு −2.25
x = 3 : சாய்வு 0
x = 4 : சாய்வு 9

மேலிருந்து கீழே படியுங்கள். 9-இல் தொடங்கும் சாய்வு குறைந்துகொண்டே வந்து x = 2-இல் −3 ஆகிறது. அதற்குக் கீழே அது போகவில்லை. அங்கிருந்து திரும்பிக் கூடத் தொடங்கி, மறுபடி 9-க்கு வந்துவிடுகிறது.

சாய்வு குறைந்துகொண்டே போகும் பகுதியில் வளைவரை கீழ்நோக்கிக் குழிந்தது என்கிறோம். சாய்வு கூடிக்கொண்டே போகும் பகுதியில் மேல்நோக்கிக் குழிந்தது. ஒன்று இன்னொன்றாக மாறும் இடத்தில், வளைவரை மீதே இருக்கும் புள்ளிதான் வளைவு மாற்றப் புள்ளி. நம் உதாரணத்தில் அது (2, 3). சாய்வு கூடுகிறதா குறைகிறதா என்பதைச் சொல்ல வேண்டியது சாய்வின் வகைக்கெழு, அதாவது f″. அது மிகையாக இருந்தால் மேல்நோக்கிக் குழிவு, குறையாக இருந்தால் கீழ்நோக்கிக் குழிவு. பொருளாதாரப் புத்தகங்களிலும் இயந்திரக் கற்றல் புத்தகங்களிலும் மேல்நோக்கிக் குழிந்ததையே குவிச் சார்பு என்பார்கள். அங்கே போகும்போது குழம்ப வேண்டாம்.

இதே அட்டவணையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: x = 1 முதல் x = 3 வரை சார்பு இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. உயரம் 5-லிருந்து 1-க்கு வருகிறது. அந்த இறக்கத்தின் நட்ட நடுவில் குழிவு மாறிவிடுகிறது. ஆகவே ஏற்ற இறக்கமும் குழிவும் தனித்தனிக் கேள்விகள். “கீழ்நோக்கிக் குழிவு என்றால் இறங்குகிறது” என்று எழுதுவது முதல் வாரத்தில் எல்லா வகுப்பிலும் நடக்கும் பிழை. x = 0-இல் இதே சார்பு கீழ்நோக்கிக் குழிந்தபடி 9 என்ற சாய்வில் ஏறுகிறது என்பதைக் காட்டினால் போதும், அந்தக் குழப்பம் தீரும்.

தொடுகோடு வளைவரையைக் கடக்கும் இடம்

படம் பார்த்துப் புரிந்துகொள்ள இன்னொரு வழி தொடுகோடு. மேல்நோக்கிக் குழிந்த பகுதியில் எங்கே தொடுகோடு வரைந்தாலும், தொட்ட இடத்துக்கு அக்கம்பக்கத்தில் வளைவரை கோட்டுக்கு மேலே இருக்கும். கீழ்நோக்கிக் குழிந்த பகுதியில் கோட்டுக்குக் கீழே இருக்கும். அப்படியானால் குழிவு மாறும் புள்ளியில் வரைந்த தொடுகோடு என்ன செய்யும்? ஒரு பக்கம் வளைவரைக்கு மேலும் மறுபக்கம் கீழும் இருக்க வேண்டும். அதாவது, தொட்டபடியே வளைவரையைக் கடந்து போகும்.

சரிபார்ப்போம். (2, 3)-இல் சாய்வு −3 என்பதால் தொடுகோடு y = 9 − 3x. இதை f(x)-இலிருந்து கழித்தால்

x³ − 6x² + 9x + 1 − (9 − 3x) = x³ − 6x² + 12x − 8 = (x − 2)³

x = 1.5 என்றால் வித்தியாசம் −0.125, வளைவரை கோட்டுக்குக் கீழே. x = 2.5 என்றால் +0.125, வளைவரை கோட்டுக்கு மேலே. தொடுகோடு ஒரு பக்கமாகத்தான் ஒட்டி நிற்கும், வெட்டவே வெட்டாது என்று வட்டத்தை வைத்துப் படித்தது இங்கே செல்லாது.

f″ = 0 ஏன் போதாது

மதிப்பெண் போகும் இடம் இதுதான். f″(x) = 0 என்று தீர்த்து, கிடைத்த x மதிப்பை எல்லாம் வளைவு மாற்றப் புள்ளி என்று எழுதிவிடுவார்கள். x⁴-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். f″(x) = 12x². x = 0-இல் அது பூச்சியம். ஆனால் இரு பக்கமும் மிகை. வளைவரை முழுக்க மேல்நோக்கியே குழிந்திருக்கிறது, எதுவும் மாறவில்லை.

வளைவரையை மேலிருந்து பார்க்கும் சாலையாக நினைத்து, அதில் இடமிருந்து வலமாக ஸ்கூட்டர் ஓட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில் இடப்பக்கம் திரும்பியிருந்தால் மேல்நோக்கிக் குழிவு, வலப்பக்கம் என்றால் கீழ்நோக்கிக் குழிவு. இடமிருந்து வலமாகத் திருப்பும்போது ஹேண்டில் ஒரு கணம் நேராக இருந்தே ஆக வேண்டும். ஆனால் நேராக வந்த ஹேண்டில் மறுபடி இடப்பக்கமே திரும்பவும் முடியும். x⁴ செய்வது அதைத்தான். ஹேண்டில் நேரானது என்ற செய்தி மட்டும் போதாது. அதற்கு முன்பும் பின்பும் எந்தப் பக்கம் இருந்தது என்று தெரிய வேண்டும்.

அதனால் f″ = 0 தருவது சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியல் மட்டுமே. தீர்ப்பு சொல்வது குறி மாற்றம்.

கணக்கை எப்படிப் போடுவது

இப்போது கொஞ்சம் வில்லங்கமான சார்பு: f(x) = 3x⁵ − 5x⁴.

முதல் வேலை, சார்பகத்தைப் பார்ப்பது. இது பல்லுறுப்புக் கோவை, எல்லா மெய்யெண்களுக்கும் வரையறுக்கப்பட்டது; சிக்கல் இல்லை. அடுத்து இரண்டு முறை வகையிட வேண்டும்.

f′(x) = 15x⁴ − 20x³ = 5x³(3x − 4)
f″(x) = 60x³ − 60x² = 60x²(x − 1)

f″-ஐக் காரணிப்படுத்தியே வையுங்கள். 60x³ = 60x² என்று எழுதி இரு பக்கமும் x²-ஆல் வகுத்துவிடும் பழக்கம் ஆபத்து; x = 0 என்ற தீர்வு காணாமல் போய்விடும். இந்தக் கணக்கில் அது விடையைக் கெடுக்காது. அந்தக் காரணி x³ ஆக இருந்திருந்தால் ஒரு வளைவு மாற்றப் புள்ளியே பறிபோயிருக்கும்.

சந்தேக இடங்கள் x = 0, x = 1. இவை எண்கோட்டை மூன்று இடைவெளிகளாகப் பிரிக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் வசதியான ஓர் எண்ணை எடுத்து f″-இல் போடுங்கள்:

x = −1 : 60 × 1 × (−2) = −120, குறை
x = 0.5 : 60 × 0.25 × (−0.5) = −7.5, குறை
x = 2 : 60 × 4 × 1 = 240, மிகை

0-வைத் தாண்டும்போது குறி மாறவில்லை. அது வளைவு மாற்றப் புள்ளி அல்ல. 1-ஐத் தாண்டும்போது குறையிலிருந்து மிகையாகிறது. அது வளைவு மாற்றப் புள்ளி. y மதிப்புக்கு x = 1-ஐ f-இல் போட வேண்டும்: 3 − 5 = −2. ஆக, புள்ளி (1, −2). பழக்கதோஷத்தில் f″-இலேயே போட்டு (1, 0) என்று எழுதுபவர்கள் உண்டு. f″-இல் போட்டால் எப்போதும் பூச்சியம்தானே வரும்!

சோதனை எண்ணே போடாமல் குறி மாற்றத்தைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி: f″-இன் காரணிகளில் (x − 1) போல ஒற்றைப்படை அடுக்கில் வரும் காரணி குறியை மாற்றும், x² போல இரட்டைப்படை அடுக்கில் வருவது மாற்றாது. முழுதாகக் காரணிப்படுத்த முடிந்த இடத்தில் இது தவறாது.

இதே சார்பில் இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. f′(x) = 0 ஆகும் இடங்கள் x = 0, x = 4/3. பெருமமா சிறுமமா என்று பார்க்க இரண்டாம் வகைக்கெழுச் சோதனையைப் போடலாம்: f′ பூச்சியமான இடத்தில் f″ மிகை என்றால் சிறுமம், குறை என்றால் பெருமம். 4/3-இல் f″ ஏறத்தாழ 35.6, எனவே இடஞ்சார்ந்த சிறுமம். 0-இல் f″ பூச்சியம். சோதனை கைவிரித்துவிடுகிறது. கைவிரித்தால் “பெருமமும் இல்லை சிறுமமும் இல்லை” என்று பொருளல்ல; வேறு வழியில் பாருங்கள் என்று பொருள். f′-இன் குறியைப் பார்த்தால், 0-க்கு இடப்புறம் மிகை, வலப்புறம் குறை. ஏறி வந்து இறங்குகிறது, ஆகவே இடஞ்சார்ந்த பெருமம்.

மூன்றாம் வகைக்கெழுவை வைத்துச் சோதிப்பதும் உண்டு. f″(c) = 0 ஆகவும் f‴(c) பூச்சியமில்லாமலும் இருந்தால், c-யில் வளைவு மாற்றம் நிச்சயம். முதலில் பார்த்த முப்படிச் சார்பில் f‴ = 6; ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் f‴(c)-யும் பூச்சியம் என்றால் இதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. x⁵-க்கு 0-இல் f‴ பூச்சியம், வளைவு மாற்றம் உண்டு. x⁶-க்கும் 0-இல் f‴ பூச்சியம், வளைவு மாற்றம் இல்லை. குறி அட்டவணை கொஞ்சம் நீளம்தான், ஆனால் எங்கேயும் கைவிடாது.

x³-ஐ மட்டுமே உதாரணமாகப் பார்த்தவர்களுக்கு வளைவு மாற்றப் புள்ளியில் சாய்வு பூச்சியமாக இருக்க வேண்டும் என்றொரு எண்ணம் ஒட்டிக்கொள்ளும். x³ + x-ஐ வரைந்து பாருங்கள். 0-இல் குழிவு மாறுகிறது. சாய்வு அங்கே 1. பூச்சியமாக வேண்டியதில்லை. உண்மையில் தேவைப்படுவது, அங்கே சாய்வு ஓர் உச்சத்தையோ தாழ்வையோ தொட்டுத் திரும்புவது. தொற்றுநோய்க் காலத்தில் மொத்த நோயாளிகளின் எண்ணிக்கையை வரைந்தால், தினசரிப் புதிய நோயாளிகள் உச்சம் தொடும் நாள்தான் அந்த வரைபடத்தின் வளைவு மாற்றம். மொத்தம் அதற்குப் பிறகும் கூடத்தான் செய்யும்.

f″ இல்லாத இடங்கள்

சந்தேகப் பட்டியலில் f″ பூச்சியமாகும் இடங்களோடு, f″ இல்லாமல் போகும் இடங்களையும் சேர்க்க வேண்டும். x-இன் கனமூலத்தை எடுத்தால், அதன் இரண்டாம் வகைக்கெழு x < 0 எனில் மிகை, x > 0 எனில் குறை, 0-இல் வரையறுக்கப்படவே இல்லை. ஆனால் வளைவரை 0-இல் அறுபடாமல் போகிறது, தொடுகோடும் செங்குத்தாக இருக்கிறது. (0, 0) முறையான வளைவு மாற்றப் புள்ளி. x|x| என்ற சார்பும் அப்படித்தான்: இடப்புறம் f″ = −2, வலப்புறம் +2, நடுவில் இல்லை.

மறுபுறம் 1/x. f″(x) = 2/x³; 0-க்கு இடப்புறம் குறை, வலப்புறம் மிகை. குறி மாறுகிறது. ஆனால் x = 0-இல் வளைவரை மீது புள்ளியே கிடையாது. புள்ளி இல்லாத இடத்தில் வளைவு மாற்றப் புள்ளி எங்கிருந்து வரும்? சார்பகத்தை முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

கான்கிரீட் பீமில்

கட்டுமானத்தில் இந்தக் கருத்து கம்பி வெட்டும் நீளம் வரை வந்து நிற்கிறது. இரு முனையும் தூண்களோடு இறுகப் பிடிக்கப்பட்ட 6 மீட்டர் பீம் ஒன்று, அதன் நீளம் முழுக்கச் சீரான பாரம் என்று கொள்வோம். பாரத்தால் பீம் தொய்ந்த வடிவம், இடது முனையிலிருந்து x மீட்டரில்,

y = −k x²(6 − x)²

இங்கே k என்பது பாரத்தையும் பீமின் விறைப்பையும் பொறுத்த ஒரு மிகை எண். இரு முறை வகையிட்டால்

y″ = −12k(x² − 6x + 6)

பூச்சியமாகும் இடங்கள் 3 − √3, 3 + √3. அதாவது ஏறத்தாழ 1.27 மீட்டர், 4.73 மீட்டர். முனையில் x = 0 போட்டால் y″ = −72k, கீழ்நோக்கிக் குழிவு. நடுவில் x = 3 போட்டால் y″ = +36k, மேல்நோக்கிக் குழிவு. இரு இடத்திலும் குறி மாறுகிறது, இரண்டுமே வளைவு மாற்றப் புள்ளிகள்.

பீமின் நடுப்பகுதி மேல்நோக்கிக் குழிந்து தொய்வதால் அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. தூண் அருகே கீழ்நோக்கிக் குழிவதால் மேல்பக்கம் இழுபடுகிறது. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும். இழுப்பைத் தாங்காது, விரிசல் விடும். ஆகவே நடுவில் கீழ்க் கம்பி, தூண் அருகே மேல் கம்பி. y″-இன் அளவும் இங்கே பேசுகிறது: பெண்டிங் மொமென்ட், அதாவது பீமை வளைக்கும் திருப்புவிசை, y″-க்கு நேர்விகிதத்தில் இருப்பதால், முனையில் வரும் 72-ம் நடுவில் வரும் 36-ம் சொல்வது, தூண் முகத்தில் நடுவைப்போல் இரு மடங்கு மொமென்ட் என்பதைத்தான். தூண் அருகே மேல் கம்பியைக் குறைத்துக் கட்டினால் விரிசல் முதலில் அங்கேதான் வரும்.

1.27 மீட்டரில் மேல்பக்க இழுப்பு தீர்ந்துவிடுகிறது. அதற்காகக் கம்பியை அந்த இடத்திலேயே வெட்டிவிடக் கூடாது. கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐஎஸ் 456-இன்படி, தூண் அருகே போடும் மேல் கம்பியில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, வளைவு மாற்றப் புள்ளியைத் தாண்டியும் நீள வேண்டும். எவ்வளவு தூரம்? பீமின் பயனுறு ஆழம் (அமுங்கும் பக்கத்திலிருந்து இழுபடும் கம்பியின் மையம் வரையுள்ள ஆழம்), கம்பி விட்டத்தைப்போல் 12 மடங்கு, தாங்கிகளுக்கு இடைப்பட்ட நீளத்தில் 16-இல் ஒரு பங்கு, இந்த மூன்றில் எது பெரிதோ அது. பயனுறு ஆழம் 400 மில்லிமீட்டர், கம்பி 16 மில்லிமீட்டர் என்றால் 400, 192, 375. பெரியது 400. எனவே அந்தக் கம்பிகள் தூண் முகத்திலிருந்து குறைந்தது 1.67 மீட்டர் வரை போக வேண்டும். நிஜக் கட்டடத்தில் தூண்கள் முழு இறுக்கமாகப் பிடிப்பதில்லை, பாரமும் ஒரே சீராக இருப்பதில்லை. பக்கத்து அறையில் சரக்கு அடுக்கினாலே வளைவு மாற்றப் புள்ளி நகரும். ஆகவே வடிவமைப்பில் இந்த 1.27-ஐ அப்படியே எடுத்தாள முடியாது, அந்தக் கட்டடத்துக்கு உரிய மொமென்ட் வரைபடத்தைப் போட்டுத்தான் தீர வேண்டும்.

மணி வடிவ வளைவரை பற்றியும் ஒரு வரி. இயல்நிலைப் பரவலின் வளைவரையில் குழிவு மாறும் இடங்கள் சராசரியிலிருந்து இரு பக்கமும் சரியாக ஒரு திட்ட விலக்கத் (மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) தொலைவில் இருக்கும். அங்கே உயரம் உச்சத்தில் ஏறத்தாழ 60.7 சதவீதம். வரைபடம் மட்டும் கையில் இருந்தால், அந்த உயரத்தில் அகலத்தை அளந்து பாதியாக்கினால் திட்ட விலக்கம் வந்துவிடும்.

சூத்திரம் இல்லாமல் அளவுகள் மட்டும் இருந்தால்

ஆய்வகத்தில் f(x) யாரும் எழுதித் தருவதில்லை, அளவுகள்தான் கிடைக்கும். 25 மில்லிலிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குள் பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு விடுகிறோம், இரண்டும் 0.1 மோலார் என்று கொள்வோம். பிஎச் மதிப்பு கோட்பாட்டுப்படி இப்படி வரும்:

24.8 மில்லிலிட்டர் : 3.40
24.9 மில்லிலிட்டர் : 3.70
25.0 மில்லிலிட்டர் : 7.00
25.1 மில்லிலிட்டர் : 10.30
25.2 மில்லிலிட்டர் : 10.60

அடுத்தடுத்த மதிப்புகளைக் கழித்தால் முதல் வித்தியாசங்கள் 0.30, 3.30, 3.30, 0.30. அவற்றை மறுபடி கழித்தால் இரண்டாம் வித்தியாசங்கள் +3.00, 0, −3.00. முறையே 24.9, 25.0, 25.1-க்கு உரியவை. குறி மாறுவது 25.0-இல். அமிலமும் காரமும் சரிக்குச் சரியாகத் தீரும் இடம் அது. எண்கள் இவ்வளவு அழகாகப் பூச்சியத்தில் விழாது; +2.4, −1.6 என்று வந்தால் இரண்டுக்கும் இடையில் நேர்கோடு போட்டு, இடைவெளியை 2.4-க்கு 1.6 என்ற விகிதத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் அளவீட்டுப் பிழையில் இருக்கிறது. இரண்டாம் வகைக்கெழுவுக்கான தோராயச் சூத்திரம்

[f(x + h) − 2f(x) + f(x − h)] / h²

ஒவ்வோர் அளவிலும் 0.01 வரை பிழை இருக்கலாம் என்றால், மேலே உள்ள கோவையில் அது 0.04 வரை போகும். h = 0.1 என்றால் அதை 0.01-ஆல் வகுக்கிறோம், பிழை 4 ஆகிவிடுகிறது. இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிறேன் என்று h-ஐ 0.02 ஆக்கினால் பிழை 100 வரை போகலாம். நெருக்கமாக அளக்க அளக்க விடை தெளிவாகும் என்ற நினைப்பு இங்கே தலைகீழாகிறது. வளைவரை செங்குத்தாக ஏறும் இடத்துக்கு வெகு தொலைவில், எதுவுமே நடக்காத சமதளப் பகுதியில், இரண்டாம் வித்தியாசம் மிகையும் குறையுமாகத் துள்ளினால் அது வளைவு மாற்றம் அல்ல, கருவியின் நடுக்கம். h-ஐப் பெரிதாக வைப்பது ஒரு வழி. முதலில் அளவுகளைச் சமன்படுத்தி, அல்லது ஐந்தாறு புள்ளிகள் வழியே ஒரு முப்படிக் கோவையைப் பொருத்தி, அதை வகையிடுவது இன்னொரு வழி. முப்படிக் கோவை ax³ + bx² + cx + d என்று கிடைத்துவிட்டால் x = −b/(3a) என்பதே வளைவு மாற்றப் புள்ளியின் இடம்; அது அளந்த எல்லைக்கு வெளியே விழுந்தால் அந்தப் பொருத்தத்தை நம்ப வேண்டாம்.